300 ரூபாய்ச் சந்தாவும் பக்கத்து நாற்காலியும்

இந்தக் கல்வியாண்டில் எங்கள் பள்ளிக்கு இரண்டு புது ஆசிரியைகள் வந்தார்கள். வந்த மூன்றாம் வாரமே ஆசிரியர் சங்கத்தின் ரசீதுப் புத்தகம் அவர்கள் மேசைக்குப் போனது. மதியம் டிபன் டப்பாவைத் திறந்தபடி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "மிஸ், வருஷம் 300 ரூபா கட்டுனா நமக்கு என்ன கிடைக்கும்?"

நியாயமான கேள்வி. எம்.சி. ரோட்டில் ஒரு புடவை எடுக்கவே நாலு கடை ஏறி இறங்குகிறோம். சங்கத்தில் சேரும்போது யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ரசீதை வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். அன்றைக்கு அவளுக்கு அரை மணி நேரத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

சங்கத்தின் மாநிலத் தலைமையைப் பற்றியோ போராட்ட அறிவிப்புகளைப் பற்றியோ நான் பேசப்போவதில்லை. பள்ளிக்குள் இருக்கும் பிரதிநிதி என்கிற அந்த ஒரு ஆள் எனக்கு என்ன செய்தார், எதைச் செய்யவில்லை என்பது மட்டும்தான். சங்கத்தின் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். தண்டையார்பேட்டைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கணக்கு எடுக்கிறேன். 2012-ல் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்று, டிசம்பரில் ஒரே சமயத்தில் பணி ஆணை வாங்கிய பெரிய கூட்டத்தில் நானும் ஒருத்தி.

என் சர்வீஸில் இரண்டு பிரதிநிதிகளைப் பார்த்திருக்கிறேன். முதலாமவர் 2020 வரை இருந்தார். அவர் காலத்தில் சந்தா கட்டினால் ரசீது வரும், பொங்கலுக்கு முன்னால் காலண்டரும் டைரியும் வரும். 2019 ஜனவரியில் ஜாக்டோ ஜியோ என்கிற ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பு அறிவித்த வேலைநிறுத்தம் நடந்தபோது எங்களை வெளியே வரச் சொன்னார், வந்தோம். பழைய ஓய்வூதியம் வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலைக்கு வந்த என்னைப் போன்றவர்கள் எல்லாருமே சி.பி.எஸ். என்கிற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருந்ததால் அந்தக் கோரிக்கை எனக்கும் உயிரானது. ஆனால் வேலைநிறுத்த நாட்களுக்குச் சம்பளம் வராது, எஸ்.ஆர். என்கிற பணிப்பதிவேட்டில் அது எப்படிப் பதிவாகும், தகுதிகாண் பருவம் முடியாதவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை விளக்கவில்லை. அந்த மாதச் சம்பளத்தைப் பார்த்து அழுத இளம் ஆசிரியை ஒருத்தியைச் சமாதானப்படுத்தியது நாங்கள்தான். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பிரதிநிதி என்றால் மேலே சொன்னதைக் கீழே சொல்பவர் என்று அவர் நினைத்திருந்தார்.

இரண்டாமவர் எங்கள் தமிழம்மா. பள்ளியில் எல்லாருக்கும் அவர் தமிழம்மாதான், மாணவர்களுக்கும் எங்களுக்கும். வியாசர்பாடியிலிருந்து வருகிறார். அவர் பொறுப்பேற்ற முதல் வாரத்தில் செய்த வேலை ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து ஒரு நூறு பக்க நோட்டில் எழுதிக்கொண்டதுதான். பணியில் சேர்ந்த தேதி, பணிவரன்முறை (வேலையை முறைப்படுத்தும்) ஆணை எண், தகுதிகாண் பருவம் முடிந்த தேதி, ஊதிய உயர்வு எந்தக் காலாண்டு, தேர்வு நிலை எப்போது, ஓய்வு எப்போது. எனக்கே என் பணிவரன்முறை ஆணை எண் தெரியாது. அவர் நோட்டில் இருந்தது.

அந்த நோட்டு எனக்கு என்ன கொடுத்தது என்று சொல்லிவிடுகிறேன். பத்து வருடம் முடித்தால் தேர்வு நிலை, இருபது வருடத்தில் சிறப்பு நிலை, பதவி மாறாமலே சம்பளம் ஏறும் படிகள் இவை. எனக்கு 2022 டிசம்பரில் பத்து வருடம் முடிந்தது. அதற்கு எட்டு மாதம் முன்பே, ஏப்ரலில், அவர் வந்து கேட்டார்: "டீச்சர், உங்க பி.எட். சான்றிதழுக்கு உண்மைத்தன்மை வந்திருச்சா?" வரவில்லை. சான்றிதழ் போலியில்லை என்று அதைக் கொடுத்த இடமே உறுதி செய்யும் கடிதம் அது; பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி எல்லாவற்றுக்கும் வந்திருந்தது. பி.எட். மட்டும் 2014-ல் அனுப்பிய கடிதத்துக்குப் பதிலே இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஃபைல் மேலே போனால் அந்த ஒரு தாளுக்காகத் திரும்பி வந்திருக்கும். திரும்ப விண்ணப்பித்து நவம்பரில் வாங்கினேன். என்னோடு ஒரே நாளில் பணியில் சேர்ந்த தோழி வேறு பள்ளியில் இருக்கிறாள். அவளுக்கும் இதே சிக்கல்தான். டிசம்பரில்தான் தெரிந்தது. அவள் தேர்வு நிலை வாங்க 2024 ஆகிவிட்டது. நிலுவைத் தொகை வந்துவிடும், உண்மைதான். ஒன்றரை வருடம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டுப் போட்டுத் தேய்ந்த மனசுக்கு நிலுவை கிடையாது.

அடுத்தது இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணமான விஷயம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் விலையில்லாப் பொருட்களுக்கு நான் பொறுப்பாசிரியர். நோட்டுகள், சீருடை, காலணி, புத்தகப்பை, கணித உபகரணப் பெட்டி எல்லாம் வந்து இறங்கும். எண்ணி, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். இதற்கு ஒதுக்கியிருந்த அறை தரைத்தளத்தில், கழிவறைக்குப் பக்கத்தில். வடசென்னையில் தரைத்தளம் என்றால் என்ன என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் மழை அடித்தால் தெருவில் போகிற தண்ணீர் வகுப்பறைக்கு வந்து பாடம் கேட்கும்.

2023 அக்டோபரில் ஆசிரியர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். பொருட்களை மாடிக்கு மாற்ற வேண்டும் என்றேன். "பார்க்கலாம்" என்றார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் தமிழம்மா என்னை நிறுத்தினார்.

"வாயால சொன்னீங்க. எழுதிக் குடுத்தீங்களா?"

"கூட்டத்துலதானம்மா சொன்னேன்."

"எழுதிக் குடுங்க. ரெண்டு காப்பி. ஒண்ணுல தபால் நம்பர் போட்டு இனிஷியல் வாங்கி உங்க பைல வெச்சுக்குங்க."

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். பத்தாம் வகுப்புக்கு அலகுத் தேர்வுத்தாள் திருத்த வேண்டியிருந்தது. இருந்தாலும் எழுதிக் கொடுத்தேன். ஆறு வரிக் கடிதம்.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. எங்கள் வீட்டிலேயே முழங்கால் தண்ணீர். எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து வலையும் படகும் கறுத்துப் போய், காசிமேட்டிலிருந்து எங்களிடம் படிக்கும் பிள்ளைகள் பலரின் வீட்டில் உறவுக்காரர்கள் வந்து தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்த அன்று அந்த அறைக் கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. உள்ளே நோட்டு பண்டல்கள் ஊறி, உப்பி, கதவை அடைத்துக்கொண்டு நின்றன. மூன்றாம் பருவத்துக்காக நவம்பர் கடைசியில் வந்தவை. பதினொரு பண்டல். பிரிக்கப் பிரிக்கக் கூழாகக் கையோடு வந்தது.

ஜனவரியில் எனக்குக் குறிப்பாணை வந்தது. பொறுப்பாசிரியரான தாங்கள் அரசுப் பொருட்களைப் பாதுகாக்கத் தவறியதால் ஏற்பட்ட இழப்பைத் தங்களது ஊதியத்திலிருந்து ஏன் பிடித்தம் செய்யக் கூடாது, பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலமான விளக்கம் அளிக்க வேண்டும். தலைமையாசிரியரையும் மேலே கேட்டிருப்பார்கள், அவரும் யாருக்கோ பதில் சொல்ல வேண்டியவர். அது இப்போது புரிகிறது. அன்றைக்குக் கை நடுங்கியது. பதினோரு வருட சர்வீஸில் முதல் மெமோ.

என் கணவர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர். அங்கே எல்லாவற்றுக்கும் யூனியன் உண்டு. "லேபர் கோர்ட்டுக்குப் போயிடலாம், இதுக்குப் போய் அழுவுறே" என்றார். மறுநாள் தமிழம்மாவிடம் இதைச் சொன்னபோதுதான் எனக்கு ஒன்று தெரியவந்தது. ஆசிரியர், தொழில் தகராறு சட்டத்தின்படி 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வர மாட்டார் என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் கோவாவிலிருந்து போன ஒரு வழக்கில் சொல்லிவிட்டதாம். துறைமுகத்தில் கணவருக்கு இருக்கிற வழி எனக்கு இல்லை. எனக்கு இருப்பது பணி விதிகள்தான். அந்த விதிகளைப் படித்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அவர் முதலில் செய்தது மெமோவை இரண்டு தடவை வாசித்தது. "இது இன்னும் 17ஏ கூட இல்ல டீச்சர். வெறும் விளக்கம் கேட்டிருக்காங்க. நீங்க எழுதுற பதில்லதான் இது 17ஏ ஆகுமா, அப்படியே நிக்குமான்னு இருக்கு. முதல்ல தண்ணி குடிங்க." ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17ஏ சிறு தண்டனைகளுக்கு, 17பி பெரிய தண்டனைகளுக்கு. ஆசிரியர் அறையில் இந்த இரண்டு எண்களையும் பேய்க்கதை மாதிரி பேசிக்கொள்வோம். ஊதிய உயர்வை நிறுத்துவதில் 'திரண்ட பயனுடன்', 'திரண்ட பயனின்றி' என்று இரண்டு வகை உண்டு, முதலாவது ஓய்வு பெறும் வரை நம் சம்பளத்தைக் கடித்துக்கொண்டே இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் உட்காரவைத்து ஒருவர் எனக்கு விளக்கினார். சந்தா ரசீதின் பின்பக்கத்தில் ஒரு சிறு கணக்கே போட்டுக் காட்டினார்.

நான் நாலு பக்கம் விளக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். என் வீட்டில் தண்ணீர் வந்தது, மாமியாரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியது, கூட்டத்தில் நான் சொன்னதை யாரும் மதிக்காதது எல்லாம் அதில் இருந்தது. கடைசியில் 'மன்னிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்திருந்தேன். அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். தமிழ் விடைத்தாள் திருத்துவது போலவே திருத்தினார்.

"மன்னிப்புன்னு எழுதாதீங்க. நாளைக்கு ஃபைலைத் திறக்கறவங்களுக்கு உங்க கண்ணீர் தெரியாது. தப்பை ஒத்துக்கிட்டாங்கன்னு மட்டும்தான் தெரியும்." தலைமையாசிரியரைக் குறை சொன்ன வரியையும் அடித்தார். "இது கோபத்துல எழுதினது. உண்மையா இருந்தாலும் இங்க வேணாம். தேதிய மட்டும் எழுதுங்க, தேதி பேசும்."

மிஞ்சியது ஒரு பக்கம். பொருட்கள் வந்த தேதி, அறையை ஒதுக்கியது யார், அக்டோபரில் நான் கொடுத்த கடிதத்தின் தபால் எண்ணும் தேதியும், மழை பெய்த நாட்கள், பள்ளி திறந்த அன்றே சேதத்தை எழுதிக் கொடுத்தது. இணைப்பு: அந்த ஆறு வரிக் கடிதத்தின் நகல், இனிஷியலுடன்.

கொடுக்கப் போகும்போது கூட வந்தார். தலைமையாசிரியர் அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் அவர் பேசியது இரண்டே வாக்கியம். "விளக்கத்தோட இணைப்பு இருக்கு சார், அதையும் சேர்த்து மேல அனுப்பணும்." பிறகு, "பெறப்பட்டதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க சார்." அவ்வளவுதான். குரல் உயரவில்லை, மேசை தட்டவில்லை. நான் தனியாகப் போயிருந்தால் முதல் நிமிடமே அழுதிருப்பேன், அழுதபடி ஏதாவது ஒப்புக்கொண்டிருப்பேன். பக்கத்து நாற்காலியில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இவ்வளவு பலம் உண்டு என்று எனக்குத் தெரியாது.

மார்ச்சில் மேல்நடவடிக்கை இல்லை என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். நான் நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். அவர் விடவில்லை. எழுத்தில் வாங்க இன்னும் ஐந்து வாரம் ஆனது. அந்தத் தாள் இப்போது என் பீரோவில், நகைப் பெட்டிக்குக் கீழே. பொருட்கள் முதல் மாடிக்குப் போய்விட்டன.

இனி, பெற்றோர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக ஒன்று. ஆசிரியர் என்ன செய்தாலும் காப்பாற்றத்தான் சங்கம் என்று வெளியே ஓர் எண்ணம் இருக்கிறது. எங்கள் பள்ளியில் ஒருவர் ஏழாம் வகுப்புப் பையனை ஸ்கேலால் அடித்து, புறங்கை வீங்கிவிட்டது. அவரும் சங்க உறுப்பினர். சந்தா பாக்கி வைக்காதவர். தமிழம்மாவிடம் வந்தார். எல்லார் முன்னாலும் அவர் சொன்னது: "உங்களுக்குச் சேர வேண்டிய மெமோவும் விசாரணையும் விதிப்படி நடக்குதான்னு பார்க்க நான் வருவேன் சார். அடிச்சது சரின்னு பேச வர மாட்டேன். கட்டாயக் கல்விச் சட்டத்துல பதினேழாவது பிரிவைப் படிச்சுட்டு வாங்க." அந்தப் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பையனின் அம்மா கொருக்குப்பேட்டையில் வீட்டு வேலை செய்பவர். அவரிடம் நேரில் போய்ப் பேசியதும் தமிழம்மாதான். இதற்காகச் சங்கத்துக்குள்ளேயே அவருக்குக் கொஞ்சம் கெட்ட பெயர். என் மதிப்பில் அவர் ஒரு படி ஏறியது அன்றைக்குத்தான்.

2025 செப்டம்பர் 1-ஆம் தேதி டெட் தீர்ப்பு வந்தது. ஓய்வு பெற ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிறவர்கள், எத்தனை வருட சர்வீஸ் போட்டிருந்தாலும், இரண்டு வருடத்துக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்று மாலைக்குள் வாட்ஸ்அப்பில் நூறு வதந்தி. எங்கள் பள்ளியில் டெட் இல்லாத சீனியர்கள் இரண்டு பேர். ஒருவர் அன்று வகுப்பு எடுக்க முடியாமல் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். தமிழம்மாவுக்கு 2028-ல் ஓய்வு, ஆகவே அவருக்குப் பாதிப்பு இல்லை. ஆனாலும் தீர்ப்பை முழுக்க வாங்கி இரண்டு நாள் உட்கார்ந்து படித்து, யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது, பதவி உயர்வுக்கு என்ன என்று ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டினார். பிறகு என்னிடம் வந்தார்: "நீங்க டெட் பாஸ் பண்ணவங்க. சனிக்கிழமை ஒரு மணி நேரம் அவங்களுக்குக் கணக்கு சொல்லித் தருவீங்களா?" சங்கம் மேலே சீராய்வு, சட்டத் திருத்தம் என்று போராடட்டும். கீழே 150 கேள்விக்கு ஒரு ஐம்பது வயதுக்காரரைத் தயார் பண்ணவும் ஆள் வேண்டும் இல்லையா. தீபாவளி வாரம் தவிர ஒரு சனிக்கிழமையும் விடாமல் உட்காருகிறோம்.

இவரை இப்படி ஆக்கியது என்ன என்று ஒரு நாள் பேருந்தில் கேட்டேன். பெரம்பூர் வழியாகப் போய்க்கொண்டிருந்தோம். பின்னி ஆலை இருந்த பக்கம் கையைக் காட்டினார். அவர் தாத்தா பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில் நெசவுப் பிரிவில் இருந்தவராம். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த ஆலைத் தொழிலாளர்களுக்காகத்தான். வாடியா தலைவர், திரு.வி.க.வும் அதைக் கட்டியவர்களில் ஒருவர். "திரு.வி.க. யாரு தெரியுமா? வெஸ்லி பள்ளியில தமிழ் சொல்லிக் குடுத்தவர். நம்ம ஆளு" என்றார், ஏதோ பக்கத்து வகுப்பில் பாடம் எடுக்கிறவரைச் சொல்வது போல. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்ததற்காக ஒரே வீச்சில் 1,70,000 பேருக்கு மேல் வேலையிலிருந்து நீக்கினார்களே, அதில் தமிழம்மாவும் இருந்தார். அப்போது கைக்குழந்தை. திரும்பச் சேரும் வரை வீட்டில் அடகு வைக்க மிச்சமிருந்தது ஒரு பித்தளை அண்டா மட்டும்தான் என்றார். "அப்ப எனக்கு என் ஆர்டர் நம்பர் கூடத் தெரியாது டீச்சர். எந்தத் தாளும் கையில இல்ல." நூறு பக்க நோட்டு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது விளங்கியது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் புது ஆசிரியைக்கு நான் முழுசாகப் பதில் சொன்னதாகாது.

அவருக்கு வாரம் 28 பாடவேளை. பிரதிநிதி வேலைக்காக ஒரு பீரியடும் குறையாது. ஆகவே இரவு எட்டு மணிக்கு மேல்தான் ஃபோனில் கிடைப்பார், சில நாள் அதுவும் இல்லை. எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றம், வாக்காளர் பட்டியல் வேலை என்று எல்லாரும் கழுத்து வரை மூழ்கியிருக்கும் மாதங்களில் அவரிடம் ஒரு கேள்விக்குப் பதில் வாங்க பத்து நாள் ஆகும். சங்கம் அவருக்குப் பயிற்சி என்று ஒரு நாள்கூட கொடுத்ததில்லை. விதிப் புத்தகத்தையே அவர் சொந்தக் காசில் வாங்கினார். இது அவர் குறை இல்லை, சங்கத்தின் குறை. எங்கள் 300 ரூபாயில் எவ்வளவு மாவட்டத்துக்கு, எவ்வளவு மாநிலத்துக்கு, எவ்வளவு வழக்குச் செலவுக்கு என்று கேட்டேன். அவருக்கே தெரியவில்லை. சந்தா கட்டுகிறவருக்குக் கணக்கு காட்டாத சங்கம் தலைமையாசிரியரிடம் எப்படிக் கணக்கு கேட்கும்? இதை வருடாவருடம் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

எனக்கு மிகவும் வலிப்பது எங்கள் ஓவிய ஆசிரியை விஷயம். 2012-ல் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்த 16,549 பகுதிநேர ஆசிரியர்களில் ஒருத்தி. நானும் அவளும் ஒரே வருடத்தில் பணியில் சேர்ந்தவர்கள். 2025-ல் அவளுக்கு 12,500. அப்போது மே மாதம் ஊதியம் இல்லை. பள்ளி ஆண்டு விழா மேடை, சுவர் ஓவியம், தேர்தல் விழிப்புணர்வுப் போஸ்டர் எல்லாம் அவள் கைதான். எங்கள் சங்கத்தில் அவளுக்கு உறுப்பினர் இடமில்லை, அவர்களுக்கென்று தனி அமைப்புகள் இருக்கின்றன என்று மேலே சொல்லிவிட்டார்கள். தமிழம்மாவின் நூறு பக்க நோட்டில் எங்கள் எல்லாருக்கும் பக்கம் உண்டு, அவளுக்கு இல்லை. போன வருடம் காய்ச்சலில் எட்டு நாள் வராததற்கு ஊதியம் பிடித்தபோது அவள் தனியாகத்தான் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். தமிழம்மா அன்று கூடப் போயிருக்க வேண்டும். உறுப்பினர் இல்லை என்று ஒதுங்கினார். நான் அவரிடம் நேரில் சொன்னேன், அவர் பதில் பேசவில்லை.

அந்தப் புது ஆசிரியைக்கு என் பதில்: சேரு. சேரும்போது உன் பிரதிநிதியிடம் மூன்று கேள்வி கேள். என் எஸ்.ஆரை நீங்கள் ஒரு தடவை பார்ப்பீர்களா? மெமோ வந்தால் எழுதுவதற்கு முன்னால் என்னோடு உட்கார்ந்து படிப்பீர்களா? அறைக்குள் கூட வருவீர்களா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் 300 ரூபாய் மிகக் குறைவு. டைரியும் காலண்டரும் தருவேன் என்றால், அவை பாரிமுனையில் இதைவிட மலிவாகக் கிடைக்கும்.

போன வாரம் தமிழம்மா என் மேசைக்கு வந்து நோட்டை விரித்தார். கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் ஓவிய ஆசிரியையின் பெயர், பணியில் சேர்ந்த தேதி, நியமன ஆணை எண். பக்கத்தில் பென்சிலால், மாவட்டக் கூட்டத்தில் வைக்க ஒரு தீர்மான வரைவு: பள்ளியில் வேலை பார்க்கும் எந்த ஆசிரியரும், பகுதிநேரமாக இருந்தாலும், விளக்கம் கொடுக்கப் போகும்போது பிரதிநிதி உடன் செல்ல வேண்டும். "கணக்கு டீச்சர், நீங்க முன்மொழியுங்க, நான் வழிமொழியறேன்" என்றார். கூட்டம் அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை. டெட் வகுப்பை அன்று காலையிலேயே முடித்துவிட்டுப் போகிறோம்.